கட்டிலுக்கும் ஒரு பிரேக் உண்டு

என் வண்டியில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் என் காலடியில். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவனுக்கு அந்த இரண்டாவது பிரேக்தான் சோறு போடுகிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சாலையை நம்புவார்கள், ஸ்டீயரிங்கை நம்புவார்கள், சிலர் என்னைக்கூட நம்புவார்கள். நான் என் காலை மட்டும்தான் நம்புவேன். நாய் குறுக்கே வந்தால் மூளைக்குச் சேதி போவதற்கு முன்பே அது அழுத்திவிட்டிருக்கும். இதனால் எனக்கு 'நிறுத்து வாத்தியார்' என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். நான் விருதாக எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டுவதுபோல அந்தக் காலைக் கழற்றி மாட்ட முடிவதில்லை. என் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பேருந்து நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, முட்டுச்சந்தில் பின்னுக்கு எடுத்துத் திருப்பிவிட்டு, நடுவில் இரண்டு பிள்ளைகளின் சண்டையையும் தீர்த்து வைப்பாள். என்னிடம் கற்றுக்கொண்டவள் இல்லை. கற்றுக்கொண்டிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது என்பாள். எங்கள் வண்டியை அவள் ஓட்டினால் நான் பின்னால்தான் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தாலும் என் கால் சும்மா இருக்காது. "தரை ஓட்டையாயிடப் போகுது" என்று கண்ணாடியில் பார்த்தே சொல்வாள்.

அவள் வயிற்றில் பிள்ளை வந்த பிறகு எனக்குப் பேச்சே ஒரு வார்த்தைக்குள் அடங்கிப்போனது. மாடிப்படியில் மெதுவா. குளியலறையில் மெதுவா. தும்மினால்கூட மெதுவா. ஒருநாள் அவள் தூக்கத்தில் புரண்டு படுத்தபோதும் சொல்லிவிட்டேன். எழுந்து உட்கார்ந்து, "தூக்கத்துக்கும் வேகத்தடை போட்டாச்சா?" என்றாள். அதற்கெல்லாம் பயம் என்று நான் பெயர் வைக்கவில்லை. கவனம் என்று சொல்லிக்கொண்டேன். பயப்படுகிறவன் வாத்தியாராக இருக்க முடியுமா என்ன?

மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒருவரைத்தான் விடுவார்கள். அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று நான். இன்னொன்று மனைவியின் அக்கா. அக்கா தையற்கடை வைத்திருக்கிறார். யாரைப் பார்த்தாலும் அளவெடுத்துவிடுகிற பார்வை. "ஆம்பளைங்க உள்ள போய் என்ன பண்ணப் போறாங்க, மாப்பிள்ளை? திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிப்பீங்க" என்று என் அளவையும் எடுத்து வைத்திருந்தார். ஆனால் மனைவி நான்தான் வேண்டும் என்றாள். எனக்கும் அது வேண்டும். இவ்வளவு காலம் அவள் ஒருத்தியாகச் சுமந்த பிள்ளை இந்த உலகத்துக்கு வருகிற நேரத்தில், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் குளியலறைக் கதவைத் தட்டி, கடைக்குக் கூப்பிடுகிற குரலில், "ஏங்க, கிளம்பலாம்" என்றாள்.

இந்த மாதிரி நேரத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது என்பார்கள். எனக்குக் கை மட்டும்தான் ஓடவில்லை. கால் தன்பாட்டுக்கு வாசலுக்கு ஓடி, வண்டிக் கதவைத் திறந்து, என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டது. பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். "சீட்டை முன்னாடி இழுத்துக்கோ. கண்ணாடியைச் சரி பண்ணு. ஆங், இப்ப கிளம்பு" என்றேன்.

யாரும் கிளம்பவில்லை. மனைவி அந்தப் பக்கத்துக் கதவருகே, ஒரு கையை வண்டியின் கூரையில் ஊன்றி, வலி போகும்வரை மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஏங்க, இப்ப யாரு ஓட்டப் போறா?"

எனக்கு முன்னால் ஸ்டீயரிங் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பழக்க தோஷத்தில் என் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

"சாவியைக் குடுங்க, நானே ஓட்டிடறேன். நீங்க பாடம் நடத்திக்கிட்டே வாங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பெல்ட்டோடு மல்லுக்கட்டி இறங்கி, சுற்றி ஓடி வந்தேன். பின்னிருக்கை முழுக்கப் பயிற்சிக்கு வைக்கிற ரப்பர் கூம்புகள். அதனால் அவள் என் இடத்தில் உட்கார்ந்தாள். அதாவது, அந்த இரண்டாவது பிரேக் முதல்முறையாக அவள் காலடிக்குப் போனது.

சும்மா விடுவாளா? முதல் வளைவிலேயே ஒரு அழுத்து. வண்டி குலுங்கி நின்றது.

"எதுக்கு இப்ப?"

"வளைவு வருது."

"பாத்தேன்."

"பாத்த மாதிரி தெரியலையே, வாத்தியாரே."

கூரையில் 'பயிற்சி வண்டி' என்ற பலகை இருப்பதையும் நான் மறந்துபோயிருந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற வேன்காரர் எட்டிப் பார்த்தார். வேர்த்து வழிகிற முகம், ஸ்டீயரிங்கை நெரிக்கிற கைகள், பக்கத்தில் அமைதியாக ஒரு பெண். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "முதல் நாளா அண்ணே? பதறாதீங்க. அந்தம்மா சொல்றதைக் கேளுங்க, தானா வந்துரும்" என்றார். மனைவி சிரித்த சிரிப்பில் அடுத்த வலி முன்கூட்டியே வந்துவிட்டது.

வலி போனதும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. உள்ள வந்து பாடம் நடத்தக் கூடாது. மூச்சு விடு, மெதுவா, நிறுத்து, எதுவும் கூடாது. நடத்துனீங்கன்னா சிஸ்டர் உங்களை அனுப்பிடுவாங்க, அக்கா வந்துருவா. எனக்கு நீங்கதான் வேணும்."

"வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். அப்படியே நடந்தும் கொண்டேன். காலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே.

பிரசவ அறையில் பச்சைத் திரை, சக்கரம் வைத்த கட்டில், கருவிகள் அடுக்கிய ஒரு தள்ளுவண்டி. பிள்ளையின் இதயத் துடிப்பைச் சத்தமாகக் காட்டுகிற ஒரு பெட்டி டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர் குள்ளமானவர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "அப்பாவா? தலைமாட்டுல நில்லுங்க. கையைப் பிடிச்சுக்கோங்க. உங்க வேலை அவ்வளவுதான்" என்றார்.

அந்த வேலையை நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன். மதியம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையை முறுக்கியபோது விரல் கழன்றுவிடும்போல இருந்தது. அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, பரவாயில்லையே என்பதுபோலத் தலையாட்டினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு வலி நெருங்கி நெருங்கி வந்தது. "இப்ப முக்கும்மா, நல்லா முக்கு!" என்றார் சிஸ்டர். அவள் கத்தினாள். அதே நேரத்தில் அந்தப் பெட்டியின் டக்டக் சட்டென்று மெதுவானது. முக்கும்போது அப்படித்தான் ஆகும், உடனே பழையபடி ஆகிவிடும் என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குச் சொல்ல யாருமில்லை. என் பிள்ளையின் இதயம் மெதுவாகிறது, என் மனைவி அலறுகிறாள். மூளைக்குச் சேதி போவதற்கு முன்பே என் கால் மேலே எழும்பி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி மிதித்தது.

கட்டிலுக்கு அடியில் நிஜமாகவே ஒரு பெடல் இருந்தது.

சக்கரங்களைப் பூட்டி வைக்கிற பெடல் அது. ஏற்கெனவே பூட்டியிருந்ததை நான் மிதித்துத் திறந்துவிட்டேன். அவள் முக்கிய வேகத்தில் கட்டில் ஜம்மென்று கிளம்பி, என்னைச் சுவரோடு சேர்த்து, தள்ளுவண்டியை ஒரு இடி இடித்தது. கிண்ணங்கள் தரையில் உருண்டு அறை முழுக்கச் சுற்றின. என் வாழ்நாளில் நான் பிரேக்கை மிதித்து ஒரு வண்டி கிளம்பியது அன்றுதான்.

மனைவி வலிக்கு நடுவில் கண்ணைத் திறந்தாள். "கட்டில் ஓடுதா?" என்றாள்.

சிஸ்டர் பாய்ந்து வந்து பெடலை மிதித்துப் பூட்டினார். மனைவியையும் பெட்டியையும் பார்த்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு என் காலைப் பார்த்தார். அது இன்னும் அந்தரத்தில் இருந்தது.

"வெளிய போங்க."

"சிஸ்டர், தெரியாம..."

"வெளிய."

கதவுக்கு வெளியே அக்கா மூன்று பைகளோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். "கட்டிலையா ஓட்டுனீங்க?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பைகள் என்னிடம் வந்துவிட்டன.

காத்திருக்கும் கூடத்தில் இன்னொரு அப்பா இருந்தார். அறைகலன் கடையில் சோபா, பீரோ எல்லாம் வீடு வீடாக ஏற்றி இறக்குகிறவராம். ஆள் கதவை அடைக்கிற உடம்பு. மடியில் மனைவியின் சிவப்புக் கைப்பையை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்பதால் உள்ளே விடவில்லை. என்னைப் பார்த்ததும் தவிப்போடு, "இந்த சோபாவைப் பாருங்க. இந்தக் கதவு வழியா இது உள்ள வந்திருக்கவே முடியாது. எப்படி வந்துச்சு?" என்றார்.

"காலைக் கழட்டிட்டு எடுத்து வந்திருப்பாங்க."

"அளந்துட்டேங்க. காலைக் கழட்டினாலும் வராது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சோபாவுக்காக யாரும் கண் கலங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? நானும் எழுந்து போய்ச் சோபாவையும் கதவையும் ஜாண் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வராது. ஜன்னல் வழியாக வந்திருக்கலாம் என்றேன். இரண்டு பேரும் ஜன்னலையும் அளந்தோம். அளக்கிறவரைக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அளந்து முடித்ததும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. எத்தனை பேரை எத்தனை முட்டுச்சந்திலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்திருக்கிறேன். என் சொந்தப் பெண்டாட்டிக்குத் துணையாக, ஒரு இடத்தில், அசையாமல் நிற்க எனக்குத் துப்பில்லை. அவள் கேட்டது அது ஒன்றைத்தான். இப்போது உள்ளே வலியில் திரும்பிப் பார்த்தால் அங்கே நான் இருக்க மாட்டேன். பிள்ளை அழுகிற சத்தத்தை நான் இந்தக் கதவு வழியாகத்தான் கேட்கப்போகிறேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கதவு திறந்தது. அக்கா வந்தார். கண் சிவந்து, மூக்கு சிவந்து, கையில் யாரோ கொடுத்த ஒரு டம்ளர் தண்ணீர்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை மாப்பிள்ளை. அவ கையைப் பிடிச்சு, 'உன்னை இடுப்புல தூக்கி வளத்தேனே'ன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான், என்னால அடக்க முடியலை. சிஸ்டர் அவளை விட்டுட்டு எனக்குத் தண்ணி குடுக்கிறாங்க. அவ அந்த வலியிலயும், 'அக்கா, நீ போய் அவரை அனுப்பு'ங்கறா." அழுகையும் சிரிப்புமாக என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "போங்க. போய் நில்லுங்க."

கதவில் சிஸ்டர் குறுக்கே நின்றார். "இவரா? வேணாம்மா. கட்டிலை ஓட்டிக்கிட்டு வீட்டுக்கே போயிடுவாரு."

"சிஸ்டர், அவரு வராம நான் முக்க மாட்டேன்!" என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. பேருந்தில் கடைசி வரிசையை அடக்குகிற குரல்.

"அது உன் கையில இல்லம்மா" என்று சொன்னாலும் சிஸ்டர் யோசித்தார். என் காலை மறுபடி பார்த்தார். "இதை என்ன பண்றது?"

"கட்டிப் போடுங்க, சிஸ்டர்."

"கட்டவெல்லாம் நேரமில்லை. யாராவது அந்த நாற்காலியை எடுங்க."

சோபாக்காரர் எழுந்தார். கைப்பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கூடத்தில் கிடந்த பெரிய நாற்காலியை ஒற்றைக் கையில் தூக்கி, "இது இந்தக் கதவுல தாராளமாப் போகும்" என்று வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

தலைமாட்டில் நாற்காலி. அதில் நான் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பாதம் தரையில் பட்டால் வெளியே. பூசைக்கு உட்கார்ந்தவன்போல உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். அவள் முகம் வேர்த்து, முடி நெற்றியில் ஒட்டி, உதடு காய்ந்து கிடந்தது. வலி வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. அந்தப் பெட்டி மெதுவாகிறபோதெல்லாம் என் கால் மடிப்புக்குள்ளேயே துடித்தது. மிதிக்க ஒன்றுமில்லை, பேச அனுமதியில்லை. என்னால் ஆவது எதுவுமே அந்த அறையில் இல்லை. இந்த உலகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவளுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப்போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை.

"ஏங்க" என்றாள். குரல் தேய்ந்துபோயிருந்தது. "ஏதாவது பேசுங்க."

"நீதானே பேசக் கூடாதுன்ன."

"இப்ப சொல்றேன். பேசுங்க. என்னால முடியலை."

பேச வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் மெதுவா, பாத்து, நிறுத்து. எல்லாம் அடுத்தவர்களுக்குச் சொல்கிறவை. எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்கு."

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். என்னால் நிறுத்த முடியவில்லை.

"ரொம்பப் பயமா இருக்கு. இப்ப இல்ல, மாசக்கணக்கா. மாடிப்படியில மெதுவா, அங்க மெதுவா, இங்க மெதுவான்னு உன் உயிரை எடுத்தேன்ல, அதெல்லாம் பயம்தான். உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு தெரியலை. எனக்கு எதுவுமே தெரியலை."

துணைக்கு வந்தவன் சொல்கிற பேச்சா இது? சிஸ்டர் என்னை மறுபடி அனுப்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மனைவி என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது.

"எனக்கும் பயமா இருக்குங்க" என்றாள். "எல்லாரும் தைரியமா இரு, தைரியமா இருன்னாங்க. எல்லாரும் தைரியமாவே இருந்தா நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல, எனக்கும் பயம்தான்னு. ரெண்டு பேருமா சேந்து பயந்திருப்போம்ல?"

"இப்ப பயப்படலாம்" என்றேன். வேறென்ன சொல்வது?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அழுதுகொண்டே சிரித்தோம். சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் பயந்தாச்சா? இப்ப முக்கலாமா?" என்றார்.

முக்கினாள். என் கையை உடைக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. நானும் கூடவே மூச்சைப் பிடித்தேன். கடைசியில் யார் கத்தினோம் என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே, புதிதாக, கோபமாக, ஒரு மூன்றாவது குரல் கேட்டது.

பெண் பிள்ளை. கதவுக்கு வெளியே அக்கா ஓவென்று அழுகிற சத்தமும், "பொறந்தாச்சா, பொறந்தாச்சா?" என்று சோபாக்காரர் கேட்கிற சத்தமும் வந்தன. மனைவி பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் நகர்த்தினாள்.

கால் இரண்டும் மரத்துப்போய் என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. சிஸ்டர்தான் துணியில் சுற்றிப் பிள்ளையைக் கொண்டுவந்தார். "தலைக்குக் கீழ கையைக் குடுங்க. முழங்கையை மடக்குங்க. அப்படி இல்ல. தோளை இறுக்காதீங்க. மெதுவா, மெதுவா, பாத்து..." என்று சொல்லிக்கொண்டே போனார். நான் எந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தேன். வேர்த்துக் கொட்டியது.

தலையணையிலிருந்து மனைவி, கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல், சொன்னாள்:

"சிஸ்டர், அவருக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. விடுங்க, அவரே புடிச்சுக்குவாரு."

சிஸ்டர் பேச்சை நிறுத்தினார். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் கைகளை எடுத்துக்கொண்டார். நான் என் மகளைப் பிடித்துக்கொண்டேன்.